வண்டிக்கு நெருப்பு வந்தது

1

நான் யாங்கூனில் வந்திறங்கிய நாள் ஆண்டுதோறும் ஆனி மழைக்குள் வந்து போகிறது. நாளையும் திதியையும் மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான். அதனால் அந்த நாளை நானே தனியாகக் கொண்டாடிக்கொள்வேன். தேநீர்க் கடையில் ஒரு கோப்பை கூடுதலாகக் குடிப்பேன், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு அந்த நாளில் நான் இன்சீன் சந்தையில் தடித்த சிவப்பு ஒயர் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருக்கும் பசுந்தாங்கில் கிடைக்காத மின்சாமான்கள் அங்கே ரயில் பட்டறைப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் என்று என் மைத்துனர் ராஜு அனுப்பியிருந்தார். ஒயர் கிடைத்தது. திரும்பி வர, நகரத்தைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். ரயில் நகர்ந்த பிறகு கைபேசி அடித்தது. என் மகள்.

“அப்பா, வண்டியில நெருப்பு வந்துருச்சு.”

“என்னது? அம்மா எங்கே?”

“அம்மா வண்டிக்குள்ளதான் இருக்காங்க.”

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தேன், மணி போகவில்லை. வட்ட ரயில் எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நடப்பவர் ஜன்னல் வழியாக நம்மோடு பேசிக்கொண்டே வரலாம். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். எதிரில் கீரைக்கட்டுகளோடு இருந்த பர்மியப் பெண்மணி என் முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று சேயா என்று கேட்டார். சேயா என்றால் வாத்தியார். கண்ணாடி போட்டு வயதான எவரையும் இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பதற்றத்தில் மகள் சொன்னதை அப்படியே பர்மிய மொழியில் சொன்னேன்: வீட்டில் மீ வந்துவிட்டதாம்.

“கொடுத்துவைத்தவர்,” என்றார் அந்தப் பெண்மணி. “எங்கள் பக்கம் காலையிலிருந்து வரவில்லை.”

என் வாயிலிருந்து வந்த சொல்லை அப்போதுதான் நானே கேட்டேன். பர்மிய மொழியில் மீ என்றால் நெருப்பு. விளக்கும் மீதான். மின்சாரமும் மீதான். மின்சாரம் திரும்பினால் தெரு முழுவதும் ‘மீ வந்தது’ என்று குரல் கேட்கும். என் மகள் பர்மிய மொழியில் நினைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கி, எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்லியிருக்கிறாள். உட்கார்ந்து சிரித்தேன். கீரைக்கார அம்மாவும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

2

வண்டி என்றால் என்ன வண்டி என்று சொல்லிவிடுகிறேன். உள்ளேயே படுக்கையும் சின்ன அடுப்பும் ஃபிரிட்ஜும் வைத்த ஒரு பழைய ஜப்பானிய வேன். எங்கள் தெருவில் அதற்கு வீட்டுவண்டி என்று பெயர். சுற்றுலாக்காரர்கள் நிறைய வந்த காலத்தில் யாரோ அதை இறக்குமதி செய்தார்கள். சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றதும் அது ஓரங்கட்டப்பட்டது. எதையும் கழித்துப்போட மனமில்லாத ராஜு அதை இழுத்துவந்து தன் பட்டறை முற்றத்தில் நிறுத்தினார். பட்டறை கீழே, எங்கள் குடியிருப்பு அதே கட்டடத்தில் மாடியில். வண்டி எங்கும் போவதில்லை. போக இடமும் இல்லை, பெட்ரோலும் சுலபமில்லை.

ஆனால் அதன் கூரையில் ஒரு சூரியத் தகடு இருந்தது. இருக்கைக்கு அடியில் எஞ்சினுக்குச் சம்பந்தமில்லாத தனி பேட்டரி ஒன்று இருந்தது. நகரத்தில் மின்சாரம் இல்லாத நேரத்திலும் வண்டிக்குள் ஃபிரிட்ஜ் ஓடியது.

எங்களுக்கு அந்த ஃபிரிட்ஜ்தான் வேண்டியிருந்தது. என் மனைவி பாக்கியத்துக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின். மருந்து இப்போது கேட்ட நாளில் கிடைப்பதில்லை. வந்திருக்கிறது என்று கடையிலிருந்து சொன்னால் ஓடிப்போய்ச் சில மாதங்களுக்குச் சேர்த்து வாங்கிவைக்க வேண்டும். வாங்கியதைக் குளிர்ச்சியிலேயே வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜோ பெரும்பாலான நேரம் துணி வைக்கும் அலமாரியைப் போலத்தான் நிற்கிறது. மின்சாரம் எந்தப் பகுதிக்கு எப்போது என்று முறை உண்டு. அந்த முறையை மின்சாரம் படிப்பதில்லை.

போன சித்திரை வெயிலில் ஒரு தொகுதி மருந்து கெட்டுப்போனது எங்களுக்குத் தெரியவில்லை. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. பாக்கியம் ஊசி போட்டுக்கொண்டுதான் வந்தாள். ஒரு நாள் சந்தைப் பையோடு மாடிப்படியில் ஏறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் என்னைப் பார்த்தாள், ஆனால் பதில் சொல்லவில்லை. மருத்துவமனையில் ஒரு வாரம். திரும்பிவந்த அன்றே புது மருந்தையெல்லாம் வண்டி ஃபிரிட்ஜுக்கு மாற்றினோம். ஒன்றரை மாதம் நிம்மதியாக இருந்தோம்.

பிறகு அந்த ஃபிரிட்ஜ் நிற்க ஆரம்பித்தது.

3

நான் இன்சீனிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் மூவரும் இருந்தார்கள். ராஜு தன் லாரியிலிருந்து கழற்றிய பேட்டரியை வண்டியில் மாட்டிப் பார்த்திருக்கிறார், ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில்தான் மகள் அழைத்திருக்கிறாள். நான் போய்ச் சேரும்போது அது மறுபடி நின்று, சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“வந்துச்சு மாப்ளே, வந்துட்டுப் போயிருச்சு,” என்றார் ராஜு. “சம்பந்தி வீட்டு ஆளுங்க மாதிரி. காப்பி குடிக்கிற நேரம்கூட உக்காரல.”

நான் மகளைப் பார்த்துத் திரும்பி, “பவளம், நெருப்பு வந்துருச்சுன்னு சொன்னியே, அது வந்து—” என்று தொடங்கினேன். பாக்கியம் என் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்தமாகவே கிள்ளினாள்.

அன்று மாலை மாடியில் காரணம் சொன்னாள். “அவ தமிழ்ல பேசுறால்ல, கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தேன். எங்கள் மகளுக்குப் பர்மியப் பதிவேட்டில் தந்தா மோ என்று பெயர். தந்தா என்றால் பவளம்; அதனால் நான் அழைப்பது பவளம். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மிய மொழியில் பதில் சொல்வாள். இப்படியே அவள் வளர்ந்து முடித்துவிட்டாள். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்துதான் என்னிடம் தமிழில் பேசுகிறாள். அவள் ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் விமானம்.

“போறதுக்குள்ள அப்பாகிட்ட தமிழ்லயே பேசிப் பழகணும்னு அதுவா நினைச்சிருக்கு. எங்கிட்ட சொல்லிச்சு. அங்க போயிட்டுப் போன்ல பேசும்போது அப்பாவுக்கு நல்லா இருக்கும்னு.” பாக்கியம் ஊசியின் மூடியைத் திருகி மூடினாள். “நீங்க குறுக்க குறுக்கத் திருத்தினா, அது மறுபடி பர்மாவுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும். நெருப்புன்னா நெருப்பு. இருந்துட்டுப் போகட்டும்.”

எனக்கு ஒரு ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் சாப்பாடு இறங்காது. இருந்தாலும் சரி என்றேன்.

4

விருதுநகரில் நான் வளர்ந்த தெருவில் மின்சாரத்துக்குப் பெயர் கரண்ட். அது போனால் பெரியவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள், வந்தால் பிள்ளைகள் கத்துவோம். நடுவில் யாரும் அதைப்பற்றி யோசித்ததில்லை. நான் அங்கே உளுந்து மண்டி ஒன்றில் வேலை பார்த்தேன். பர்மா உளுந்தின் தரம் பார்க்க ஒரு பருவத்துக்கு மட்டும் என்று என்னை இங்கே அனுப்பினார்கள். ராஜுவின் தகப்பனார் இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனேன். பருவம் இன்னும் முடியவில்லை.

தரம் பார்ப்பவனுக்கு ஒரு முறை உண்டு. மூட்டையின் மேல்வாயில் இருக்கும் உளுந்து எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கம்பியை நடுவில் குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். வண்டியையும் அப்படித்தான் பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

மீட்டரை வைத்தால் பேட்டரி நல்ல வோல்ட் காட்டியது. அதைப் பார்த்துத்தான் ராஜு இத்தனை நாளும் ஏமாந்துகொண்டிருந்தார். “பேட்டரி ராஜா மாதிரி இருக்கு மாப்ளே, ஃபிரிட்ஜுதான் கிழவி” என்பது அவர் தீர்ப்பு. நான் ஃபிரிட்ஜை ஓடவிட்டு, ஓடும்போதே அதன் பின்பக்கத்தில் மீட்டரை வைத்தேன். பேட்டரியில் பன்னிரண்டுக்கு மேல். ஃபிரிட்ஜின் வாயிலில் பத்துக்குக் கொஞ்சம் மேல்தான். வோல்ட் குறைந்தால் பேட்டரியைக் காப்பாற்ற ஃபிரிட்ஜ் தானே நின்றுவிடும். அதற்குத்தான் அந்தச் சிவப்பு விளக்கு. ஆக, பேட்டரியும் கிழவி இல்லை, ஃபிரிட்ஜும் கிழவி இல்லை. நடுவில் எதுவோ தின்றுகொண்டிருந்தது.

நடுவில் இருப்பதையெல்லாம் பார்த்தோம். ஃப்யூஸை மாற்றினோம். இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தோம். இன்சீனில் வாங்கிய தடித்த ஒயரைப் பழைய சிவப்பு ஒயருக்குப் பதிலாக இழுத்தோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது. இதற்கிடையில் மருந்து மண் கலயத்துக்கு வந்துவிட்டது. கலயத்தைச் சுற்றி ஈரத்துணி, அதைச் சுற்றி பாக்கியத்தின் கவலை. காற்றில் ஈரம் இவ்வளவு இருக்கும் மழைக்காலத்தில் ஈரத்துணி குளிர்ச்சி தராது. கலயத்துக்குள் வைத்த வெப்பமானியை நான் பார்க்கும்போதெல்லாம் பாக்கியம் என் முகத்தைப் பார்ப்பாள். எண்ணைக் கேட்கமாட்டாள்.

“கறுப்பு ஒயரையும் மாத்திப் பார்ப்போமா?” என்று ஒரு நாள் ராஜு கேட்டார்.

“அது எர்த் மச்சான். பாதுகாப்புக்கு இருக்கிறது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல,” என்றேன். வீட்டு மின்சாரத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. எங்கள் கட்டடத்தில் எர்த் என்று ஒன்று இருக்கிறதா என்பதே ஆராய்ச்சிக்குரிய விஷயம். அது இல்லாமல்தான் எல்லா விளக்கும் எரிகிறது.

“சம்பந்தமில்லன்னா விடு. அடிப்பக்கம் முழுக்க நான்தான் துருவுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சேன். அங்க ஒரு குத்தமும் இருக்காது.”

5

மழை சற்று விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். லுங்கி நனையாமல் மடித்துக் கட்டிய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பாக்கியம் வண்டிப் படியில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பவளம் உள்ளே, பேட்டரிக்கு மேலிருக்கும் இருக்கைப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, பலகைக்கு உள்பக்கம் என்னமோ எழுதியிருக்கு.”

எண்ணெயும் தூசியும் படிந்து ஒரு ஒட்டுத்தாள். அவள் கைக்குட்டையால் துடைத்தாள். ஜப்பானிய எழுத்து.

“படி தந்தா,” என்றார் அடியிலிருந்து ராஜு. “ஆயில் மாத்துன்னு போட்டிருப்பான். எல்லா வண்டியிலயும் அதான் போடுவான்.”

அவள் விரல் வைத்துப் படித்தாள். “முதல் எழுத்து மின்சாரம். அடுத்தது எனக்குத் தெரியல. அப்புறம்... இறங்கினா. காய்ச்சல் இறங்குதுல்ல, அதுக்குச் சொல்ற சொல்லு. அப்புறம் ‘ஆசு’. கடைசில, சரிபாருங்க. அது எங்களுக்கு நல்லாத் தெரியும். தாத்தா பேரு சரிபாருங்க, மாத்திரை சரிபாருங்க, கட்டில் பூட்டு சரிபாருங்க. பாடம் முழுக்க அதான்.”

“ஆசுன்னா என்ன?”

“பாடத்துல வரல.”

நான் சிரித்துவிட்டேன். “நம்ம பழைய தமிழ்ல ஆசுன்னா குற்றம்மா. பாட்டுல குற்றம் இருந்தா ஆசு இருக்குன்னு சொல்வாங்க.”

“மின்சாரம் இறங்கினா குத்தத்தைப் பாருன்னு எழுதியிருக்கானா?” ராஜுவின் கால்கள் குலுங்கின. “நல்ல புத்திமதி. அதத்தானய்யா ரெண்டு வாரமாப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம்.”

“இல்லப்பா,” என்றாள் பவளம். “இது தமிழ் இல்ல. ஜப்பான்ல எழுத்து ரெண்டு மூணு வகை. இந்த வகை வெளியிலேருந்து வந்த சொல்லுக்கு. ரொட்டி, டிவி, பஸ்ஸு, அந்த மாதிரி. என் பேரையும் இந்த எழுத்துலதான் எழுதுறாங்க.” சொல்லிவிட்டு ஒட்டுத்தாளை இன்னொரு முறை துடைத்தாள். “ஆசும் நானும் ஒரே எழுத்து.”

பாக்கியம் காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள். பிறகு தொடர்ந்தாள்.

“அப்ப அது இங்கிலீஷாத்தான் இருக்கணும்,” என்றேன்.

“இருக்கும். ஆனா அவங்களுக்கு ‘த்’ வராது. அதை ‘ஸ்’ ஆக்கிடுவாங்க. தேங்க்யூன்னா சாங்க்யூ.”

ஆசு, ஆசு என்று நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஆத். ஆர்த். எர்த்.

“மச்சான்,” என்றேன். “எர்த். எர்த்தைப் பாருன்னு எழுதியிருக்கு.”

கால்கள் அசையவில்லை. அடியிலிருந்து ராஜுவின் குரல் மட்டும் வந்தது. “மாப்ளே. அந்தக் கறுப்பு ஒயர் வந்து ஒரு போல்ட்டுல வண்டி உடம்போட சேருதுல்ல...”

“ஆமா.”

“அந்த எடத்துக்கும் பெயிண்ட் அடிச்சேன்.”

“போல்ட்ட மாட்டிட்டு மேல அடிச்சீங்களா, கழட்டிட்டு அடிச்சீங்களா?”

“கழட்டிட்டுத்தான். உள்ள வெளிய எல்லாம். ரெண்டு தரம்.”

“எங்கண்ணன் எதையும் அரைகுறையாச் செய்யாது,” என்றாள் பாக்கியம்.

வீட்டு மின்சாரத்தில் எர்த் ஒரு காவல்காரன் மாதிரி. வேலை வரும்வரை சும்மா நிற்கும். வண்டியில் அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயர் வழியாக ஃபிரிட்ஜுக்குப் போகும் மின்சாரம், வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் திரும்பி வருகிறது. அந்த உடம்பை பேட்டரியோடு சேர்ப்பது அந்த ஒரு போல்ட். அதற்கு அடியில் ராஜுவின் பெயிண்ட், இரண்டு பூச்சு. போல்ட்டின் திருகில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் வெற்று இரும்பு இத்தனை நாளும் தாக்குப்பிடித்திருக்கிறது. மழை வந்து அதுவும் துருப்பிடித்ததும் வழி அடைத்துவிட்டது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை வண்டி உடம்பிலும் வைத்து ஃபிரிட்ஜை ஓடவிட்டேன். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் ஏறக்குறைய இரண்டு வோல்ட் காட்டியது. தொலைந்தது அங்கேதான் இருந்தது.

பவளம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப போறதுல ஒண்ணும் கோளாறு இல்ல. திரும்பி வர்ற வழிலதான்.”

“அதேதாம்மா.”

ராஜு போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். புதுப் போல்ட், புது வளையம், மேலே கிரீஸ். முறுக்கிக்கொண்டிருந்தபோது பாக்கியம் படியிலிருந்து குனிந்து அடிப்பக்கம் பார்த்துச் சொன்னாள்:

“திரும்பி வர்ற கம்பிய நல்லா முறுக்கி வைண்ணே.”

அவர் இன்னும் இரண்டு சுற்று முறுக்கினார். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியது. தேநீர் வாங்கிவந்து குடித்து முடித்தோம், ஓடியது. வெற்றிலை போட்டு முடித்தாள், ஓடியது. மாலையில் பாக்கியம் இரண்டு குப்பி மருந்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். கலயத்தில் இருந்ததெல்லாம் கெட்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் மருத்துவர் அதைத் தூரப்போடச் சொல்லிவிட்டார். இந்த இரண்டும்தான் கடையில் புதிதாகக் கிடைத்தவை. அவற்றை ஃபிரிட்ஜில் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, கைப்பிடி மேல் கையை வைத்தபடியே சிறிது நேரம் நின்றாள்.

6

பவளத்தின் பயணத் தாள்களைப் பற்றி எழுதினால் தனியாக ஒரு புத்தகம் ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜப்பானிய விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். பர்மாவில் குடும்பப் பெயர் கிடையாது. நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்து உண்டு. அதைக் கட்டத்தில் போட்டால் ஒற்றை எழுத்தாக நிற்கும், அது கூடாதாம். ஏஜெண்டு அலுவலகத்தில் இருந்த பெண் தந்தா மோ என்ற பெயரை நடுவில் வெட்டி, மோவைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டாள். மோ என்றால் மழை. மழைநாளில் பிறந்தவள் என்று வைத்தது. இனி ஜப்பான் அரசாங்கத்தின் கணக்கில் எங்கள் குடும்பத்துக்கு மழை என்று பெயர்.

“அங்க இருக்கற தாத்தா பாட்டியெல்லாம் என்னை மோ சான்னுதான் கூப்பிடுவாங்க, மழையம்மான்னு சொல்ற மாதிரி,” என்றாள்.

“நல்ல பேருதான். தண்ணி கேட்டா கொண்டுபோய்க் கொடு,” என்றார் ராஜு.

எனக்கு இது புதிதல்ல. ஆண்டுக்கொரு முறை குடியேற்ற அலுவலகத்தில் நான் இங்கே தங்குவதன் நோக்கம் என்ன என்று கேட்பார்கள். மனைவி, மகள் என்று எழுதுவேன். இனி எழுதப்போகும் தாளில் இரண்டாவது சொல்லை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் போகிறேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பவளம் வண்டிக்குள் ஒட்டுத்தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சுவிட்சின் ஜப்பானிய எழுத்துக்கும் கீழே அம்மாவுக்காகப் பர்மிய மொழியில் ஒன்று, எனக்காகத் தமிழில் ஒன்று. தமிழ் எழுத்தைக் கோயில் வகுப்பில் சிறு வயதில் படித்தது. கொம்பும் காலும் இடம் மாறிமாறி நின்றன. விளக்கு, விசிறி, குளிர்பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலிருந்த பெரிய சிவப்பு சுவிட்சின் கீழே ‘நெருப்பு’.

ஒட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “சரியாப்பா?”

பாக்கியம் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கிள்ளத் தேவையிருக்கவில்லை. “சரிம்மா,” என்றேன்.

விமான நிலையத்தில் உள்ளே போகும் வாசலில் அவள் தன் தாயைக் கட்டிக்கொண்டு நிறைய நேரம் பர்மிய மொழியில் பேசினாள். என்னிடம் வந்ததும் நிறுத்தி, யோசித்து, தமிழில் ஒரே வாக்கியம் சொன்னாள். “அம்மா மருந்து சரிபாருங்கப்பா, தினமும் சரிபாருங்க.”

7

அவள் போன பிறகு ஒரு வாரம் மழை விடவே இல்லை. பசுந்தாங் ஓடை ஏறித் தெருமுனை வரை வந்தது. சூரியத் தகடு என்ன செய்யும். வானத்தில் சூரியன் இருந்தால்தானே. நகர மின்சாரம் வந்தால் அதிலிருந்து வண்டியின் பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். ராஜு அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார். ஆனால் எங்கள் முறை வந்தும் மின்சாரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பேட்டரியின் எண் இறங்கிக்கொண்டே போனது. இப்போது ஆசு எதிலும் இல்லை. எல்லா வழியும் திறந்திருந்தது, அனுப்புவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜுக்குள் புதிதாகக் கிடைத்த மூன்று மாத மருந்து இருந்தது. பாக்கியம் கலயத்தைக் கழுவி, துணியை நனைத்து, வண்டிப் படியில் வைத்துவிட்டாள். கலயம் இந்த மழையில் உதவாது என்று அவளுக்கும் தெரியும்.

அன்று மதியம் எங்கள் வீட்டில் விருந்தாளி ஒருவர் இருந்தார். சண்முகவேல் என்று பெயர். விருதுநகரிலிருந்து உளுந்து பார்க்க வந்திருக்கிறார், நான் வந்த அதே வேலைக்கு. வந்து இரண்டு வாரம்தான். நல்ல கனத்த மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். சாப்பாடு முடிந்து, கீழே பட்டறைத் தாழ்வாரத்தில் ராஜு போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவேன் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜு என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். நான் எழுந்து வண்டிக்குள் போய் மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு ஒரு முறை சிமிட்டிவிட்டு, ஃபிரிட்ஜ் நின்றது. வண்டிக்குள் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. மருந்தை எங்கே கொண்டுபோவது, பனிக்கட்டிக் கடை திறந்திருக்குமா, பனிக்கட்டியில் பட்டு உறைந்துவிட்டால் என்ன செய்வது என்று நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது மாடி பால்கனியிலிருந்து பாக்கியத்தின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“என்னங்க, நெருப்பு வந்துருச்சு. அண்ணே, நெருப்பு வந்துருச்சு.”

சண்முகவேல் அவ்வளவு வேகமாக எழுந்திருப்பார் என்று அவரே நினைத்திருக்கமாட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. பட்டறைக் கூரையிலிருந்து மழைநீர் விழுந்து நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், மாடிப்படியில் ஏறினார். “அம்மா, வெளிய வந்துருங்க” என்று அவர் கத்துவது கேட்டது. நான் வண்டியிலிருந்து குதித்து, ராஜுவோடு எதிர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மரிடம் ஓடினேன். ராஜு டிரான்ஸ்ஃபார்மரின் சுவிட்சைப் போட்டார், நான் வண்டியின் ஒயரைச் செருகினேன். பேட்டரியின் எண் ஏறத் தொடங்கியது. ஃபிரிட்ஜ் ஒரு முறை இருமி, ஓடியது. கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன். குளிர் போகவில்லை.

மாடியில், எரியும் டியூப் விளக்கின் கீழே வாளியோடு நின்ற சண்முகவேலைப் பார்த்து பாக்கியம் திகைத்துப்போயிருந்தாள். சோறு ஒத்துக்கொள்ளவில்லையோ, கை கழுவத் தண்ணீர் எடுத்துவந்தாரோ என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

மாலையில் பவளம் அழைத்தாள். வேலை முடிந்து விடுதிக்கு வரும் நேரம் அது. முதலில் மருந்தைப் பற்றிக் கேட்டாள். குளிர்ச்சியாக இருக்கிறது, சரிபார்த்துவிட்டேன் என்றேன். பிறகு மதியம் நடந்ததைச் சொன்னேன். நாற்காலி விழுந்தது, வாளி, படியெல்லாம் தண்ணீர், எல்லாவற்றையும். பின்னாலிருந்து ராஜு சேர்த்துச் சேர்த்துச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். சிரிக்கவில்லை.

“நெருப்பு வந்துருச்சுன்னுதானே அம்மா சொன்னாங்க,” என்றாள். “அதுக்கு அவரு ஏம்ப்பா ஓடணும்?”

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு முன் பாக்கியம் கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

“அவரு ஊர்லேருந்து இப்பதாம்மா வந்திருக்காரு. நம்ம தமிழ் இன்னும் அவருக்கு வரல.”